வடசென்னை மொட்டைமாடிகளில் வெளிறிய மிளகாய் நாற்று: ஓர் ஆய்வு முன்னோட்டம்

1. ஆய்வெல்லை
வடக்கே எண்ணூர்க் கழிமுகம், தெற்கே 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், கிழக்கே கடல், மேற்கே பக்கத்து வீட்டுத் துணிக்கொடி. இவற்றினிடையே தயிர் டப்பாவிலும் பெயிண்ட் வாளியிலும் முளைத்து, நாலு இலை விட்டபின் வளர மறுக்கும் நாற்றே ஆய்வுப்பொருள்.

2. இலக்கியச் சான்று
மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியே 16-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. ஆகவே சங்க இலக்கியத்தில் இல்லை. இல்லாமை நம் அறிஞரை என்றும் தடுத்ததில்லை. அழிந்துபோன நூல்களில் இருந்தது என நிறுவ மதிய உணவுடன் ஒரு கருத்தரங்கு போதும். திருவொற்றியூரில் பட்டினத்தாருக்குப் பேய்க்கரும்பு இனித்ததை இவ்வட்டாரத்தின் முதல் மண் பரிசோதனை என்பாரும் உளராகலாம்.

3. வகைப்பாடு
அ. அடியிலை வெளிறல்: தழைச்சத்துக் குறை. பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கிறது செடி.
ஆ. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாதல்: இரும்புச்சத்து ஏறவில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணோ ஓயாத ஈரமோ காரணம்.
இ. வெறும் தேங்காய்நார்த் தூளில் நட்டது: பட்டினி.
ஈ. நிழல்: காண்க, துணிக்கொடி.
உ. சாம்பல் படிதல்: எண்ணூர்ப் பக்கத்துக்கு உரியது. இலையைத் துடைத்துப் பார்க்க. பச்சை தெரிந்தால் நோய் செடிக்கு அன்று, ஊருக்கு.

4. கண்ணேறு
கண்ணேறு கழிக்கக் காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் சுற்றி நெருப்பிலிடுவது வழக்கம். மிளகாய்க்கே கண் பட்டால் எதைச் சுற்றுவது? மிளகாயையே சுற்றலாம் என்பது மூன்றாம் மாடிப் பள்ளி (அம்மா, கைப்பிடிச்சுவர் உரை, துணி உலர்த்திய பொழுது). அது குலத்தாரை எரித்துக் குழந்தையைக் காப்பது, அறமன்று என மறுக்கும் இரண்டாம் மாடிப் பள்ளி (அக்கா, மாடிப்படி உரை, இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு சண்டையில் முடிந்தது). இருவரையும் மேற்கோள் காட்டிய கீழ்த்தள மாமா இருவரையும் கேட்டதில்லை. முனைவர் பட்டங்கள் பலவும் இவ்வாறே அமைவது ஈண்டு நோக்கத்தக்கது. நெடி எழாவிட்டால் கண்ணேறு உண்டு என்பது மரபு. காசிமேட்டு மீன் காற்றில் எந்த நெடியும் பிரிந்து தெரியாதாகலின் அம்முறையும் தோற்றது.

எஞ்சியது உப்பு. அது தேவையில்லை என்க. என்னையெனின், கடல்நீர் உட்புகுந்த கரையோரத்தில் போர் தண்ணி ஏற்கெனவே உப்பு. காலையும் மாலையும் வேரிலேயே உப்புச் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நுனி கருகுவதும் வளர்ச்சி நிற்பதும் இதனாலேயே.

5. முடிபு
எந்த இலை முதலில் வெளிறியது என்று பார்ப்பதே பாதி வைத்தியம். டப்பாவின் அடியில் ஓட்டை வேண்டும். போர் தண்ணியை நிறுத்தி, மெட்ரோ வாட்டரோ பிடித்துவைத்த மழைநீரோ தாராளமாக ஊற்றி உப்பை வடித்துவிடுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். தழைச்சத்துக்கு, மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் ஊறவைத்த மீன் அமிலம், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. கருகிய இலை தேறாது. அடுத்து வரும் கொழுந்தைக் கவனியுங்கள். அது வரும்வரை இப்பொருள் குறித்து யாரும் கட்டுரை எழுத வேண்டாம்.