மொட்டைமாடிக் கம்பிக்காரர்

ஹாம் என்பவர் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, வியூ2 என்றோ வியூ3 என்றோ தொடங்கும் அழைப்புக்குறியோடு, ஒரு பைசா ஆதாயம் இல்லாமல் உலகத்தோடு ரேடியோவில் பேசுகிறவர். 12 வயது நிரம்பிய எவரும் இந்தத் தேர்வை எழுதலாம். மைக்கைப் பிடித்துவிட்டால் மீசை முளைக்காத பையனும் "ஓல்ட் மேன்"தான். விடைபெறும்போது வணக்கத்துக்குப் பதில் "73". பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் வியூ2ஆர்ஜி என்ற குறி வைத்திருந்த ஹாம் என்பதை, அறிமுகமான ஐந்து நிமிடத்துக்குள் சொல்லாத ஹாம் அபூர்வம்.

அக்கம்பக்கத்தாருக்கு இந்தப் பெருமை எதுவும் தெரியாது. அவர்கள் கண்ணில் படுவதெல்லாம் மொட்டைமாடியில் இரண்டு கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பிதான். 40 மீட்டர் பேண்டில் பேச வேண்டுமானால் அந்தக் கம்பி ஏறக்குறைய 20 மீட்டர் நீளம் வேண்டும். ஆகவே அதை ஒளித்துவைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் கம்பி என்பதால் தெருவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே பொறுப்பேற்கிறது. டிவியில் படம் ஆடினால் கம்பி. போர் மோட்டார் புகைந்தால் கம்பி. கம்பியை ஏற்றி இன்னும் ரேடியோப் பெட்டியே வாங்காத ஹாமின் வீட்டுக்கும் புகார் வந்துவிடும்.

நியாயமான புகாரும் உண்டு. அனுபவமுள்ள ஹாம் புகாரைக் கேட்கும்போதே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். "வாத்து கத்துற மாதிரி ஒரு சத்தம்" என்றால் அது எஸ்எஸ்பி முறையில் அனுப்பிய அவருடைய சொந்தக் குரல். "தட் தட்டுன்னு விட்டு விட்டு அடிக்குது" என்றால் மோர்ஸ். அடுத்து அவர் கேட்கும் கேள்வி, "ஒரே சேனல்லயா, எல்லாத்துலயுமா?" என்பது. புகார் கொடுக்க வந்தவருக்கு இது நழுவப் பார்க்கும் பேச்சாகப் படும். உண்மையில் வழக்கே இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரே சேனல் மட்டும் கெட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஹாம்தான். எந்த ஒலிபரப்புக் கருவியும் தனக்குரிய அலைவரிசையோடு, அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் கொஞ்சம் சிந்தும். 21 மெகாஹெர்ட்ஸில் பேசினால் மூன்றாம் மடங்கு 63. தூர்தர்ஷன் காலத்துப் பெட்டிகளில் 4ஆம் சேனல் இருந்தது 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை. ஹாம் ஜப்பானியரோடு வானிலை பேசுவது செய்தி வாசிப்பவரின் முகத்தில் கோடுகளாக விழும். இதற்கு மருந்து ஹாமின் வீட்டில் இருக்கிறது: கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு லோ பாஸ் ஃபில்டர். சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கிய உதிரிகளைக் கொண்டு தானே செய்த டிரான்ஸ்மிட்டர் என்றால் இது கட்டாயம் தேவை. சொந்தமாகச் செய்தவரோ தன் டிரான்ஸ்மிட்டர் சிந்தும் என்பதை லேசில் ஒப்புக்கொள்ளமாட்டார்.

எல்லாச் சேனலும் கெட்டால் கதை வேறு. தூரத்து நிலையத்திலிருந்து வரும் தொலைக்காட்சி அலை ஆன்டெனாவில் வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோதான் விழும். பக்கத்து மாடியிலிருந்து 100 வாட்டில் புறப்படும் ஹாமின் அலை வோல்ட் கணக்கில் வந்து மோதும். அதைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு பெட்டிக்குள் இல்லாவிட்டால், தொலைக்காட்சி திக்குமுக்காடிப்போகும். ஹாமின் கருவியில் பழுது எதுவும் இல்லை. அவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் குறை. இதற்கான ஹை பாஸ் ஃபில்டரைத் தொலைக்காட்சியின் பின்புறம்தான் மாட்ட வேண்டும்.

மூன்றாவது வகை பேய்க்கதையைச் சேர்ந்தது. ஒலியைச் சுத்தமாகக் குறைத்த பிறகும் பெட்டி பேசிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரே ஆன்டெனாவாகி, வால்யூம் குமிழைத் தாண்டி ஆம்ப்ளிஃபயருக்குள் அலையைக் கொண்டுசேர்ப்பதால் வரும் வினை இது. அந்த ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றினால் பேய் இறங்கிவிடும்.

சிகிச்சை தொடங்கும் இடம் ஹாமின் சொந்த வீடு. ஆன்டெனாவுக்கு மிக அருகில் இருப்பது அவருடைய தொலைக்காட்சிதான். அதில் படம் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் தகுதி அவருக்கு வரும். ஆகவே புகார்காரரை அழைத்து, கூடத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, உள்ளே போய் உரக்கப் பேசிக் காட்டுவார். விருந்தாளி ஒரு காட்சி முழுவதையும் பார்த்து முடித்துவிட்டுச் சொல்வார்: "இங்க நல்லாத்தான் தெரியுது. அப்போ உங்க கம்பி எங்க வீட்டை மட்டும்தான் கெடுக்குதா?"

அடுத்தது களப்பணி. கையில் ஃபில்டர், வளையங்கள், ஒரு திருப்புளி, முகத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போகும் பணிவு.

"மாமி, டிவி ஆன்டெனா ஒயரைக் கொஞ்சம் பிடுங்கிப் பாக்கட்டுமா?"

"எதுக்கு சார்? உங்க கம்பியைப் பிடுங்கினாலே போதுமே."

ஒயரைப் பிடுங்கியும் கோடு போகவில்லை என்றால் தொல்லை மின்சார ஒயர் வழியாக வருகிறது. போய்விட்டது என்றால் ஆன்டெனா வழியாக. 1980களின் வீடுகளில் இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு சந்தேக நபர் உண்டு. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும், தமிழகக் கடலோரத்தில் ஆன்டெனாக்கள் உயர்ந்தன. கூடவே பூஸ்டர்களும் ஏறின. கடல் தாண்டி வரும் முனகலைப் பெரிதாக்க வைத்த பூஸ்டர், பத்தடி தள்ளிப் பேசும் ஹாமையும் அதே கணக்கில் பெரிதாக்கியது. ஹாம் பூஸ்டரை அணைத்துக் காட்டுவார், கோடுகள் மறையும். ரூபவாஹினியும் மறையும். தீர்ப்பு ஹாமுக்குச் சாதகமாக வந்ததாக வரலாறு இல்லை.

இந்தக் களப்பணிக்கு ஒரு விதி உண்டு: அயலார் தொலைக்காட்சியின் முதுகுப் பலகையைக் கழற்றவே கூடாது. ஃபில்டரை வெளியே மாட்டலாம், உள்ளே கை வைக்கக்கூடாது. ஒருமுறை திருகாணியைத் தொட்டவர் ஆயுளுக்கும் அந்தப் பெட்டிக்குக் காப்பாளர். ஆறு மாதம் கழித்து ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் ஆள் அனுப்பி அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் தனி விதி உண்டு. 1987, 88ஆம் ஆண்டுகளில் 'ராமாயண்' ஓடிய ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மைக்கைத் தொடாமல் இருந்த ஹாம்கள் எல்லாரும் பக்திமான்கள் அல்லர், முன்யோசனைக்காரர்கள்.

ஹாம் திருப்பதிக்குப் போயிருந்த இரண்டு நாளும் கோடு விழுந்தது என்று தெரியவரும்போது விசாரணை திசை மாறுகிறது. இப்போது அவர் பேட்டரியில் ஓடும் ஒரு டிரான்சிஸ்டரை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பிவைத்துக்கொண்டு, இரைச்சல் எங்கே கூடுகிறது என்று வீடு வீடாக நடப்பார். புகார்காரர் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்ததும் இரைச்சல் நின்றுவிட்டால் கள்ளன் உள்ளேதான். பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், கிழட்டு டியூப்லைட், மிக்சியின் தேய்ந்த கார்பன், மலிவு விலை எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர் என்று பட்டியல் நீளம். ஒன்றும் அகப்படாவிட்டால் பூஜையறையைப் பார்ப்பார். அங்கே சுவாமி படத்தைச் சுற்றி விட்டு விட்டு எரிகிறது சீரியல் செட். சீரியலைக் கெடுத்தது அதுதான்.

தொல்லை ஒருவழிப் பாதையும் அல்ல. படக்குழாய்த் தொலைக்காட்சி திரையில் கோடு கோடாகப் படம் வரைய நொடிக்கு 15,625 முறை துடித்தது. அந்தத் துடிப்பின் 448ஆவது மடங்கு மிகச் சரியாக 7 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஹாமின் 40 மீட்டர் பேண்டு தொடங்கும் இடம். அங்கிருந்து 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பேண்டில் 13 இடங்களில் அடுத்த வீட்டு டிவி ரீங்காரமிட்டது. தெருவே நாடகம் பார்த்த மாலைகளில் ஹாம் அந்தப் பதின்மூன்றுக்கும் நடுவே சந்து தேடிப் பேசினார். இதற்காக எந்த ஹாமும் எந்த வீட்டுக் கதவையும் தட்டியதாகத் தெரியவில்லை.

டிஷ் வந்த பிறகு வழக்குகள் குறைந்தன, அடியோடு ஒழியவில்லை. முன்பு கோடு விழுந்தது. இப்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைகிறது. கேபிள் இணைப்பில் 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் சேனல் ஓடும். ஹாமின் 2 மீட்டர் பேண்டும் அங்கேதான். கேபிள்காரர் கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வழியே ஹாம் உள்ளே போவார், சேனல் வெளியே வரும். இரண்டு பக்கமும் கோபம் ஹாம் மேல்தான்.

கோபம் மறந்த நாட்களும் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, தூரதேச ஹாம்களோடு பேசும் ஆசையில் அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்து மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கு அந்தக் கம்பிகள் வழியாகப் பதில் வந்தது.

படம் கெட்டால் கம்பியைப் பார்த்துக் கத்துவதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தச் சேனல் என்று ஒரு தாளில் குறித்துவைத்து ஹாமிடம் கொடுக்க வேண்டும். பேசிய ஒவ்வொரு பேச்சையும் அவர் பதிவேட்டில் எழுதிவைத்திருப்பார். இரண்டையும் ஒத்துப்பார்த்தாலே பல வழக்குகள் தள்ளுபடியாகிவிடும். ஹாம்கள் உலகப் பொது நேரத்தில் கணக்கு வைப்பவர்கள் என்பதால், தெருவின் இரவு 8 மணி அவர் பதிவேட்டில் பகல் 2.30 என்று இருக்கும். ஐந்தரை மணியைக் கழித்துக்கொண்ட பிறகு சண்டையைத் தொடங்கலாம்.