ஆண்டுக்கு 10,000 பவுண்டு அழகு

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், டார்சி என்ற கனவான் நடன அரங்குக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு என்ற சேதி மூலைமுடுக்கெல்லாம் போய்விடுகிறது. சம்பாத்தியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கனவான் சம்பாதிக்க மாட்டார். நிலம் சம்பாதிக்கும், அவர் வேட்டைக்குப் போவார்.

டார்சியின் நண்பர் பிங்லியின் சகோதரிகள் இன்னும் ஒரு படி மேலே. குடும்பச் சொத்தே வியாபாரத்தில் வந்தது. ஆனாலும் கதாநாயகி எலிசபெத்தின் மாமா லண்டனில் சீப்சைடு பக்கம் குடியிருக்கும் வியாபாரி என்று கேட்டதும் அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எலிசபெத்தின் அம்மா மிஸஸ் பென்னட்டைக் கேலி செய்யாத வாசகர் உண்டா? மழை வரும்போல இருக்கிறதென்றே மூத்த மகளைக் குதிரையில் அனுப்பி, பிங்லி வீட்டில் தங்கவைத்த மகராசி அவர். பெண்ணுக்குச் சளி பிடித்தது, திட்டம் பலித்தது. ஆனால், கணவர் கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவினர் காலின்ஸுக்கு. ஐந்து பெண்களுக்கும் தெரு. குடும்பத் தலைவரோ புத்தக அறையில் நக்கலடித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால், அந்த வீட்டில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாள்தான்.

அடுத்தபடி கணக்குத் தெரிந்தவள், எலிசபெத்தின் தோழி ஷார்லட். வயது 27, கையில் காசில்லை. எலிசபெத் மறுத்த அதே காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாள். கணவர் சாலையைப் பார்த்த முன்னறையில். இவள் தேடிப் பிடித்தது பின்னறை. தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை அடிக்கடி வெளியே அனுப்பியும் வைக்கிறாள்.