வராக நதி (எ) செஞ்சி ஆறு (எ) சங்கராபரணி

இத்தனை '(எ)' போட்டுப் பெயர் எழுதுவது போலீஸ் ஸ்டேஷனில்தான் வழக்கம். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து புதுச்சேரிக் கடலில் சேர்கிற இந்த ஆறு, நூறு கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதற்குள் இவ்வளவு பெயர். அனந்தபுரம், திண்டிவனம் பக்கத்துச் சனங்கள் கெட்டிக்காரர்கள். 'ஆறு' என்று சொல்லி வேலையை முடித்துவிடுவார்கள்.

பெயர் மாற்றுவது செஞ்சியின் பரம்பரை வியாதி. கோட்டையைப் பிடித்த பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். 1677இல் சிவாஜி வந்தார். மராட்டியர் வாயில் அது சந்தி ஆனது. பிறகு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகை போட்டு, 1698 வரை அடிவாரத்திலேயே குடித்தனம் நடத்தினார். பிடித்ததும் நுஸ்ரத்கட் என்று பெயர் சூட்டினார்கள். எட்டு வருஷ உழைப்பு! ஊர்க்காரர்கள் ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

ஆற்றின் ஒரே வீரதீர வேடம் 1714 அக்டோபரில். வரி பாக்கி கேட்டு ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் படையோடு வந்து நிற்கிறார். செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் சண்டைக்குக் கிளம்புகிறான். வருஷத்தில் பாதி நாள் மணலாய்க் கிடக்கிற ஆறு, அன்றைக்குப் பார்த்துக் கரைபுரள்கிறது. ராஜா குதிரையோடு தாண்டினான். படையில் பெரும்பகுதி அக்கரையிலேயே நின்று வேடிக்கை பார்த்தது என்கிறார்கள் கதை சொல்கிறவர்கள். அக்டோபர் மழை தெரிந்த அமைச்சர் ஒருவர் இருந்திருந்தால் நமக்குத் தெருக்கூத்து ஒன்று குறைந்திருக்கும்.

வீடூரில் தொண்டி ஆறு வந்து சேருகிறது. அங்கே 1959இல் அணை கட்டினார்கள். 32 அடி உயரம், 3,200 ஏக்கர் பாசனம். அதில் ஆயிரம் ஏக்கர் புதுச்சேரிக்கு. ஆற்றுக்கு ஒரு பெயர் முடிவாகாவிட்டாலும் தண்ணீருக்குப் பங்கு முடிவாகிவிட்டது.

எல்லை தாண்டித் திருக்காஞ்சி போனதும் ஆற்றுக்குப் பதவி உயர்வு. அங்கே சுவாமி பெயரே கங்கைவராக நதீஸ்வரர். காசியைவிட வீசம் அதிகம் புண்ணியமாம். வீசமென்றால் பதினாறில் ஒரு பங்கு. இரட்டிப்பு என்று அடித்துவிடாமல் இவ்வளவு நுணுக்கமாகப் பெருமை பேச, கணக்குப்பிள்ளை மூளை வேண்டும்.

கடைசியில் அதுவும் போதாமல் ஆறு இரண்டாகப் பிரிந்து அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இன்னும் இரண்டு பெயர் வாங்கிக்கொள்கிறது. அரியாங்குப்பம் கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி மது ஜாடிகள் உடைந்து கிடந்தன. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த பொதுகே துறைமுகம் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். துறைமுகத்தின் பெயரைக் குறித்தவர் ஆற்றின் பெயரை விசாரிக்கவே இல்லை. அவருக்குச் சரக்குதான் முக்கியம். விழுப்புரத்திலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கிழக்கே பஸ் ஏறுகிறவர்களில் பலருக்கும் அப்படித்தான்.