கூடுமானவரையில்

மகா கனம் பொருந்திய குடும்ப நல நீதிமன்றத்தாரின் சமூகத்திற்கு, ஜீவனாம்சம் கோரி நிற்கும் ஒரு குழந்தையின் தாய்வழிப் பாட்டன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

என் பேத்திக்கு ஐந்து வயதாயிருந்தபோது அவள் தாயார் தங்களிடம் மனுச் செய்தாள். இன்று அவளுக்கு எட்டு வயது. தாங்கள் அருளிய வாய்தாக்கள் இருபத்தேழு. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. வீட்டிலே வருஷத்துக்கு இரண்டு பாவாடை மாற்றும் குழந்தையை, கேஸ் கட்டுக்குள் மட்டும் ஐந்து வயதிலேயே நிறுத்திவைத்திருக்கிறீர்களே, இந்தக் காயகல்பம் சித்தர்களுக்கும் கைவரவில்லையே என்று வியக்கவே வந்தேன்.

இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சார்வான தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் தீர்க்க வேண்டுமென்று ஜீவனாம்சத்துக்கான 125-ஆம் பிரிவுக்கு 2001-ஆம் வருஷத்தில் வந்த திருத்தம் விதித்தது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஜீவனம் எதற்கு என்று அதுவரை இருந்த உச்சவரம்பை எடுத்தெறிந்ததும் அதுவே. ஆனால் அந்த 60 நாட்களின் பக்கத்திலேயே ‘கூடுமானவரையில்’ என்றொரு சொல்லையும் சாஸ்திரோக்தமாகப் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, நோட்டீஸ் சார்வானால்தானே நாள் கணக்கே தொடங்கும்? ‘கதவு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு அது நான்கு முறை திரும்பி வந்தது. மாப்பிள்ளையோ அதே கதவைத் திறந்துதான் தினந்தோறும் ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். 2024 ஜூலையில் அந்தப் பழைய 125-ஆம் பிரிவு போய்ப் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு வந்தது. கூடுமானவரையில் மட்டும் போகவில்லை. தாழ்வாரத்தில் நாங்கள் உட்காரும் ஒற்றைக்கால் ஆடும் பெஞ்சும் போகவில்லை.

இரு தரப்பாரும் வரவையும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் ஒப்புவிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் கட்டளையிட்டதே, அதனால் விளைந்த விசித்திரத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். பெண் பார்க்க வந்த அன்று, வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, “பையனுக்குப் பிடித்தம் போகத் தொண்ணூறாயிரம்” என்றார் சம்பந்தி. சத்தியம் செய்து எழுதிய பத்திரத்திலோ அது பதினெட்டாயிரம். அதிலும் பன்னிரண்டாயிரம், பஜ்ஜி தின்ற அதே சம்பந்தியின் மருந்துச் செலவு. சத்தியத்திற்கு இத்தனை சுருக்கும் சக்தி உண்டென்று தெரிந்திருந்தால், நிச்சயதார்த்தத்தின்போதே தாம்பூலத் தட்டில் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் வைத்துக் கையெழுத்து வாங்கியிருப்பேன். ஆகையால், பெண் பார்க்கும் படலத்தில் வரன் வீட்டார் வாயால் சொல்லும் சம்பளத்தையே ஜீவனாம்சத்திற்கு ஆதாரமான சம்பளமாகக் கொள்ளலாம் என்று ஒரு விதி செய்ய வேண்டுகிறேன்; பஜ்ஜியின் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

உத்தரவு எப்போது வந்தாலும் மனுச் செய்த தேதியிலிருந்தே பாக்கி கணக்கிடப்படும் என்று வக்கீல் குமாஸ்தா தேறுதல் சொல்கிறார். நல்ல மனிதர். ஆனால் ஐந்து வயதில் குடித்திருக்க வேண்டிய பாலை எட்டு வயதில் பாக்கியாகக் குடிக்கும் வித்தையை என் பேத்தி இன்னும் கற்கவில்லை. பள்ளிக்கூடத்தாரும், ‘கூடுமானவரையில் 10-ஆம் தேதிக்குள்’ என்று எழுதாமல் ‘10-ஆம் தேதிக்குள்’ என்றே சீட்டு அனுப்பும் கல்நெஞ்சர்களாயிருக்கிறார்கள். அந்தச் சீட்டுக்கு என் பென்ஷன் வாய்தா கேட்காமல் ஆஜராகிக்கொண்டிருக்கிறது.

இருபத்தெட்டாவது வாய்தா வரும் செவ்வாய்க்கிழமை. மனுவின் 7-ஆம் பாராவில் ‘யு.கே.ஜி. படிக்கும் ஐந்து வயதுக் குழந்தை’ என்றிருப்பதை ‘மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு வயதுக் குழந்தை’ என்று திருத்திக்கொள்ள அனுமதிக்கும்படி பிரார்த்திக்கிறேன். அதற்குத் தனி மனுவும் தனி வாய்தாவும் அவசியம் என்றால், வயது என்ற இடத்தில் எண்ணைப் போடாமல் வெறுமனே விட்டுவைக்கவாவது தயவுசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருக்கும்
ஒரு பாட்டன்