தட்டிய கட்டளை தங்காமை: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

கிட்டில் உள்ளதே கிளஸ்டரில் உளதாம்;
தட்டிய கட்டளை தங்கா தென்ப.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், நள்ளிரவில் குபர்நெட்டிஸ் கிளஸ்டருக்குள் கைவைக்கும் பொறியாளரின் உழைப்புக்கு ஆயுள் இத்துணை என்பது உணர்த்துதல் நுதலிற்று.

'கிட்டில்' என்றது, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கருவியில் கமிட் ஆகிக் கிடக்கும் யாம்ல் கோப்புகளில் என்றவாறு. 'உள்ளதே' என்னும் ஏகாரம் பிரிநிலை. லேப்டாப்பில் உள்ளது, மூத்த பொறியாளரின் நினைவில் உள்ளது, வாட்ஸ்அப் குழுவில் "இப்பதான் செட் பண்ணிட்டேன்" என்று கிடப்பது ஆகிய மூன்றையும் விலக்கி நின்றது. இக்கொள்கைக்கு 2017இல் கிட்ஆப்ஸ் என்று பெயரிட்டது வீவ்வொர்க்ஸ் நிறுவனம். 2024இல் நிறுவனம் மூடப்பட்டது. அது படைத்த பிளக்ஸ் என்னும் கருவி அதை அறியாதது போல், குறித்த இடைவெளிதோறும் எழுந்து கிளஸ்டரைக் கிட்டுக்கு ஏற்பத் திருத்தி வருகிறது.

'தட்டிய கட்டளை' வருமாறு: இரவு இரண்டு மணி. தளத்தில் கூட்டம் நெரிகிறது. பணியிலிருப்பவர் கட்டளை ஒன்று தட்டி, மூன்று பாட்களைப் பத்தாக்குகிறார். பாட்கள் எழுகின்றன. அவரும் எழுந்து தேநீர் போடப் போகிறார். பிளக்ஸைப் போன்ற மற்றொரு கருவியாகிய ஆர்கோ சிடியில், கிட்டோடு பிறழ்ந்ததைத் தானே திருத்தும் செல்ஃப்-ஹீல் இயங்குமாயின், அடுப்பு பற்றுமுன் பத்து மூன்றாகிவிடும். கிட்டில் மூன்று என்றல்லவா எழுதியிருக்கிறது!

அஃதேல் ஆர்கோ சிடி அத்துணை விரைவுடையதோ எனின், அன்று. வெப்ஹூக் வைத்து எழுப்பினாலொழிய, புதிய கமிட் வந்ததா என்று ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது எட்டிப் பார்க்கும். ஆகவே முறைப்படி கேட்டதைத் தர நிமிடக் கணக்கு. முறை தவறிச் செய்ததை அழிக்க நொடிக் கணக்கு. அரசு அலுவலகங்களை ஆராய்ந்தோர்க்கு இது புதிதன்று.

ஆட்டோஸ்கேலர் தானே பாட்களைக் கூட்டுகிறதே, அதுவும் அழியுமோ எனின், யாம்லில் எண்ணிக்கை எழுதியிருப்பின் அழியும். ஆட்டோஸ்கேலரும் ஆர்கோ சிடியும் விடியும்வரை கூட்டியும் குறைத்தும் மல்லுக்கு நிற்கும். இதைத் தவிர்க்க, யாம்லில் எண்ணிக்கை வரியையே எழுதாது விடுதல் வழக்கு. அவ்வரியை நீக்கத் துணியாத குழுக்களே மிகுதி என்பது நம் துணிபு.

இனி, இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று டேக் இடுவார் திறம். உள்ளே சரக்கு மாறினும் கிட்டில் எழுத்து மாறாமையின், இக்கருவிகளுக்கு எதுவும் நிகழவில்லை. அவரோடு வாதம் வேண்டா.

கிட்டில் இல்லாதது கிளஸ்டரில் இருக்குமோ எனின், ஈண்டு நூற்பா சற்றே தடுமாறும். கோப்பை நீக்கி மெர்ஜ் செய்தாலும், ப்ரூன் என்னும் தெரிவை நாமே இயக்காதவரை ஆர்கோ சிடி பழைய பாட்களைத் தானாக அகற்றாது. அவை ஓடிக்கொண்டிருக்கும். ரெப்போவில் தேடுவார்க்கு அவை இல்பொருள். மாதக் கடைசியில் கிளவுடு பில் பார்க்கும் கணக்கர்க்கு உள்பொருள். இருவரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்த வழியன்றி இவ்வையம் தீராது.