ஃப்ளாப்பியிலிருந்து மேகத்துக்கு

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரைப் பழங்காநத்தத்துக்காரர் ஒருவர் சொந்தமாக இணையப் பக்கம் வைத்திருந்தால், அவருக்கு நன்றாக நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக் கணினியில் இணைப்பு கிடையாது. நோட்பேடில் எச்டிஎம்எல் அடித்து, 1.44 எம்பி ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு பைபாஸ் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். எஃப்டிபி வழியாக ஒவ்வொரு கோப்பாக ஏற்ற வேண்டும். நடுவில் டெலிபோன் லைன் அறுந்தால் பக்கம் பாதியில் நிற்கும். உலகத்துக்குத் தெரிவது அந்தப் பாதிதான். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் அதே நடை.

தமிழில் எழுதினால் இன்னொரு பாடு. தளத்துக்கு ஓர் எழுத்துரு. அதை இறக்கி வைக்காதவர் திரையில் வெறும் கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகள் வந்தன. அயலகத் தமிழர் பலர் டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டில் எழுதினார்கள். யூனிகோடு பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்று என் தளம் ஒரு கிட்ஹப் களஞ்சியம். கட்டுரையை எழுதி 'புஷ்' செய்கிறேன், என் வேலை முடிந்தது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் விழித்துக்கொண்டு, ஹியூகோ என்ற தளம் கட்டும் நிரலை ஓட்டிப் பக்கங்களைக் கட்டி, அமேசானின் மும்பைச் சேமிப்பகத்தில் போட்டு, அந்நிறுவனத்தின் விநியோக வலையமைப்பான கிளவுட்ஃப்ரண்டில் தேங்கியிருக்கும் பழைய பிரதியை நீக்கச் சொல்கிறது. கடவுச்சொல்லை எங்கும் எழுதிவைப்பதில்லை. சிறிது நேரத்தில் காலாவதியாகும் அனுமதி போதும்.

வேகத்தைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். என் மனதைத் தொட்டது வேறு. கட்டும்போது பிழை வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும், வாசகருக்கு நேற்றைய பக்கம் முழுசாகவே கிடைக்கும். எழுத்தும் தளத்தைக் கட்டும் முறையும் ஒரே இடத்தில் கோப்புகளாக இருக்கின்றன. நாளை அமேசானே வேண்டாம் என்றாலும், எழுத்தில் கை வைக்காமல் அனுப்பும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அன்று இந்தப் பிடி பலருக்கு இல்லை. எத்தனையோ பேர் இலவசமாகக் குடியேறிய ஜியோசிட்டீஸை 1999-இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. பிரதி வைத்துக்கொள்ளாதவர்களின் எழுத்து அதோடு போயிற்று. ஆனால் 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்துவாழ் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பிழைத்தது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்த நூலகத்துக்காகத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட இலக்கியங்கள், டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறி இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கோப்பைக் கையில் வைத்திருந்ததால்தான் அவர்களால் மாற முடிந்தது.

புதிதாகத் தளம் தொடங்கும் தம்பி, தங்கைகளே, டொமைனை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். மேகம் எவ்வளவு பெரிதானாலும், மூலக் கோப்புகளின் ஒரு பிரதியை உங்கள் வீட்டு வட்டிலும் வைத்திருங்கள்.