இதுக்கு மேல உடையாதுங்க!

பாரிஸிலிருந்து பெல்தியே என்ற பெரிய கெமிஸ்ட் மான்செஸ்டருக்கு வந்து இறங்கினார். அணுக் கொள்கை தந்த மகான் ஜான் டால்டனைத் தரிசிக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சிக்கூடம், சுற்றிலும் சிஷ்யகோடிகள், வாசலில் க்யூ என்றெல்லாம் கற்பனை செய்திருப்பார், பாவம். தேடிப் போனால் ஒரு சின்ன அறை. ஒரு பெரியவர் பொடியன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். “டால்டன் ஐயாவைப் பார்க்கணுமே?” “நான்தான். கொஞ்சம் உட்காருங்க, இவன் கணக்கை முடிச்சிட்டு வர்றேன்.” பெல்தியே மலைத்துப்போனார் என்று கதை. மகான், டியூஷன் வாத்தியார்!

இந்த வாத்தியார்தான் 1808-ல் புத்தகம் போட்டு, உலகத்துச் சாமான் எல்லாமே குட்டிக் குட்டி உருண்டைகள், அதற்கு மேல் உடையாது, முடிந்தது விஷயம் என்று ஊருக்குச் சொன்னார். உருண்டையைப் பார்த்தாரா? எங்கே பார்க்க! மரத்தில் கடைந்த பந்துகளை வைத்துத்தான் விளக்கினார். பின்னாளில் ஒரு மாணவன், ‘அணு என்பது மிஸ்டர் டால்டன் கண்டுபிடித்த மர உருண்டை’ என்று பதில் சொன்னானாம். நான் வாத்தியாராக இருந்தால் ஃபுல் மார்க் போட்டிருப்பேன்.

தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்ஸிஜன் என்று டால்டன் அடித்துச் சொன்னார். பிரான்ஸில் கே-லுசாக் வாயுக்களை அளந்து, இரண்டுக்கு ஒன்று என்று கணக்கோடு வந்து நின்றார். டால்டன் யோசித்துப் பார்த்தார். தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது: கே-லுசாக்குக்கு ஒழுங்காக அளக்கத் தெரியவில்லை!

1834-ல் மன்னர் நான்காம் வில்லியமைப் பார்க்க அழைப்பு. தர்பாருக்கு உரிய உடை என்றால் இடுப்பில் வாள் வேண்டும். டால்டனோ க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்காரர், வாளைத் தொடக்கூடாது. சரி, ஆக்ஸ்ஃபோர்டு கொடுத்த டாக்டர் அங்கியில் போகலாம் என்று நண்பர்கள் வழி கண்டுபிடித்தார்கள். அங்கியோ பளீர் சிவப்பு, க்வேக்கர்களுக்கு ஆகவே ஆகாத கலர். ஆனால் நம்மாள் சங்கடமே படவில்லை. அவர் நிறக்குருடு. மொத்த சபைக்கும் சிவப்பாகத் தெரிந்த அங்கி, போட்டிருந்தவருக்கு மட்டும் சேற்று நிறம்.

இந்தக் குறைக்கும் ஒரு தியரி வைத்திருந்தார்: கண்ணுக்குள் இருக்கிற திரவம் நீலமாக இருக்கிறது, நான் செத்ததும் எடுத்துப் பாருங்கள். 1844-ல் போய்ச் சேர்ந்ததும் எடுத்துப் பார்த்தார்கள். சுத்தமான தெளிந்த நீர். அணு உடையவே உடையாது என்று அவ்வளவு நிச்சயமாகப் பேசியவர், சொந்தக் கண்ணுக்குள் இருந்ததில் கோட்டை விட்டுவிட்டார்.

உடையாத அணுவை உடைக்க கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் வந்தார். தாம்சனின் கை விசேஷமான கை. பட்ட சாமான் பிழைக்காது. எவரெட் என்ற உதவியாளர்தான் கண்ணாடிக் குழாய்களை ஊதிச் செய்து தருவார். பேராசிரியர் கருவிகளிடம் நெருங்கினால் ஆய்வகமே பதறும். அப்படிப்பட்டவர் 1897-ல் அணுவையும் உடைத்து உள்ளேயிருந்து எலெக்ட்ரானை எடுத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவர் பேச்சைக் கேட்ட சக விஞ்ஞானி ஒருவர், ‘நீர் எங்களைக் கலாய்க்கிறீர் என்றே நினைத்தேன்’ என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

எலெக்ட்ரான் துகள் என்று காட்டிய அப்பாவுக்கு 1906-ல் நோபல். ‘அது அலைப்பா’ என்று காட்டிய மகன் ஜார்ஜுக்கு 1937-ல் நோபல். கொடுமை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் சரி.

அடுத்தவர் ரதர்ஃபோர்டு. இயற்பியல் தவிர மற்ற விஞ்ஞானமெல்லாம் ஸ்டாம்ப் சேகரிப்பு என்று நக்கலடித்ததாகச் சொல்வார்கள். 1908-ல் நோபல் கமிட்டி அவருக்குப் பரிசு கொடுத்தது, வேதியியலுக்கு!

அணுவின் நடுவில் கரு இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்த கதையில் ஒரு சின்ன விஷயத்தைப் பாடப் புத்தகம் சொல்லாது. இருட்டறையில் கண் பழகும் வரை காத்திருந்து, அணுக்களில் மோதிச் சிதறிய துகள்கள் திரையில் மினுக் மினுக்கென்று தெறிக்கவைக்கும் பொட்டுகளை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ரதர்ஃபோர்டு இரண்டு நிமிஷம் எண்ணினார், நாலு வசவு விட்டார், எழுந்து போய்விட்டார். இதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ராத்திரி ராத்திரியாக எண்ணியவர் கைகர். கூட மார்ஸ்டன் என்ற இருபது வயது ஸ்டூடன்ட். மேனேஜர்கள் அன்றைக்கும் மேனேஜர்கள்தான்.

1930-ல் பௌலி என்ற இயற்பியல்காரர், யார் கண்ணுக்கும் படாத ஒரு துகள் இருந்தாக வேண்டும் என்று ஊகித்தார். அறிவிக்க வேண்டிய கூட்டம் ட்யூபிங்கனில். அவரோ ஜூரிக்கில் நடன விருந்து இருக்கிறது, வர முடியாது என்று லெட்டர் போட்டுவிட்டார். அந்த நியூட்ரினோ பிடிபட 1956 ஆயிற்று. ஆக, அவர் டான்ஸுக்குப் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு துகள்கள் ஈசல் மாதிரி கிளம்பின. புதுத் துகள் கண்டுபிடித்தால் முன்பு நோபல் கொடுத்தார்கள், இனி பத்தாயிரம் டாலர் அபராதம் போடலாம் என்ற ஜோக்கை வில்லிஸ் லாம்ப் 1955-ல் மேடையிலேயே சொன்னார். எந்த மேடை? நோபல் மேடை.

1964-ல் மர்ரே கெல்-மான், இந்தக் கும்பலையெல்லாம் ‘குவார்க்’ என்ற மூன்றே குட்டித் துகள்களில் அடக்கினார். அறிவு மலை. தலைக்கனமும் அதே உயரம். அடுத்தவர் பெயரை அடுத்தவருக்கே உச்சரிக்கச் சொல்லித் தருவார். ஆனால் குவார்க் நிஜமா, வெறும் கணக்கா என்ற கேள்வியில் மட்டும் மதில்மேல் பூனை. அதே வருஷம் ஜெனீவாவில் ஜார்ஜ் ஸ்வெய்க் என்ற இளைஞர் அதே விஷயத்தை ‘ஏஸ்’ என்ற பெயரில், நிஜம்தான் என்று தைரியமாக எழுதினார். கட்டுரை பத்திரிகையில் வரவே இல்லை. 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் புரோட்டானுக்குள் ஏதோ குட்டிகள் தட்டுப்பட்டபோது, கெல்-மானின் பக்கத்து அறை ஃபைன்மேன் அவற்றுக்கு ‘பார்ட்டான்’ என்று மூன்றாவதாக ஒரு பெயர் வைத்தார். கெல்-மான் எகிறினார். பிள்ளை நிஜமா என்று சந்தேகப்பட்டவர், வேறு ஒருவர் பெயர் வைத்ததைப் பொறுக்கவில்லை.

இத்தனை பேருக்கு நடுவே பீட்டர் ஹிக்ஸ். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்று 1964-ல் எழுதினார். அதற்கு ஒரு புதுத் துகள் இருந்தாக வேண்டும் என்றார். அந்தத் துகளைத் தேட 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் ஒரு மெஷின் ஓடியது, 2012-ல் கிடைத்தது. அடுத்த ஆண்டு நோபல் அறிவிப்பு நாளில், நிருபர்கள் தொல்லை வேண்டாமென்று எடின்பரோ வீட்டைவிட்டு நைசாக நழுவி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார் 84 வயது ஹிக்ஸ். கையில் செல்போன் கிடையாது. ஸ்டாக்ஹோமில் அவரைத் தேடு தேடென்று தேடுகிறார்கள். திரும்பி வரும் வழியில் பழைய பக்கத்து வீட்டுப் பெண்மணி காரை நிறுத்தி இறங்கி வந்து, “செய்தி கேட்டேன், வாழ்த்துகள்!” என்றார்.

“என்ன செய்தி?” என்றார் ஹிக்ஸ்.